பிள்ளைக் கல்வியின் செலவுக் கணக்கு

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு, நம் குடியிருப்பின் ஓலைக் கொட்டகையில், ஒரே ஒரு குழல் விளக்கின் கீழ் மாலைநேரப் பாடசாலையாகத் தொடங்கியது நம் கழகம். அன்று பாயில் அமர்ந்து வாய்ப்பாடு சொன்ன பிள்ளைகளுள் சிலர் இன்று ஆசிரியராய், செவிலியராய், மின்வாரியப் பணியாளராய் இவ்வரங்கில் அமர்ந்திருக்கக் காண்கிறேன். வாழ்த்திப் பேசுவதற்கு ஏற்ற நாள் இது. ஆயினும், “பிள்ளைகளை வளர்த்துப் படிக்க வைக்கும் செலவு ஆண்டுக்கு ஆண்டு ஏறி வருகிறது, அதைப் பற்றிப் பேசுங்கள்” என்று செயலாளர் என்னைப் பணித்தார். விழா நாளில் செலவைப் பற்றிப் பேசுவது பொருத்தமா என்று முதலில் தயங்கினேன்.

அந்தத் தயக்கத்தைத் தீர்த்தவர் என் தமக்கையார். நான் குறிப்பெழுதிக் கொண்டிருந்தபோது அவர் அருகே வந்து, “தம்பி, படிப்புச் செலவைப் பற்றிப் பேசப் போறியாமே, அந்தக் கணக்கிலே என் பேர் வருமா?” என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கேட்ட கேள்விக்கு விடை சொல்வதே இந்த உரையின் நோக்கம் என்று கொள்ளுங்கள்.

முன்னோர் திறந்த வாயில்

நம் முன்னோர்க்குக் கல்வி மறுக்கப்பட்டது பணமின்மையால் மட்டுமன்று. பள்ளியின் வாயிலே அவர்களுக்கு அடைக்கப்பட்டிருந்தது. அந்த அடைப்பை உடைக்க அயோத்திதாசப் பண்டிதர் பாடுபட்டார். கர்னல் ஆல்காட் 1894-ஆம் ஆண்டில் அடையாற்றில் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளியைத் தொடங்கினார். சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியை நிறுவினார். பண்டிதர் 1907-இல் தொடங்கிய இதழுக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயரிட்டார். விலையையே பெயராக வைத்தார் என்றால், எழுத்தறிவு நம் மக்களின் மடியிலுள்ள காசுக்கு எட்ட வேண்டும் என்பதை அப்பெருமகன் எவ்வளவு உணர்ந்திருந்தார் என்று எண்ணிப் பாருங்கள்.

சட்டத்தின் முன் அந்த வாயில் இன்று திறந்திருக்கிறது. 2010 ஏப்ரல் முதல் நாளில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கியது. சென்னை மாநகராட்சிப் பள்ளியில் 1920-இல் தொடங்கிய பகலுணவு, 1956-இல் காமராசர் ஆட்சியில் மாநிலமெங்கும் பரவத் தொடங்கி, 1982-இல் சத்துணவாக விரிந்து, 2022-இல் தொடக்கப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டியாகவும் வளர்ந்தது. பாடநூல், சீருடை, பேருந்துச் சலுகை, மிதிவண்டி ஆகியனவும் கிடைக்கின்றன. இவற்றை எளிதென்று எண்ணுதல் நன்றி மறத்தலாகும். பசித்த வயிற்றோடு வகுப்பில் அமர்ந்தவன் நான். அந்த ஒரு வேளைச் சோற்றின் மதிப்பு எனக்குத் தெரியும்.

இலவசம் என்னும் சொல்

ஆயினும், எல்லாம் இலவசம் என்றால் நம் தாய்மார்கள் ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறக்கும் வேளையில் ஏன் கடன் வாங்குகிறார்கள்? நோட்டுகள், காலணி, சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம், மாலையில் டியூஷன், வீட்டுப்பாடம் வரும் கைப்பேசி, அதற்கு மாதந்தோறும் போடும் ரீசார்ஜ், கல்லூரியென்றால் முன்பணம், விடுதிக்குப் பெட்டி, பாய், தட்டு என்று நீள்கிறது பட்டியல். இவற்றுள் ஒன்றுகூட ஆடம்பரமன்று. ஒன்று குறைந்தாலும் பிள்ளை வகுப்பில் எழுந்து நிற்க நேரும்.

2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை மைய அரசின் தேசிய மாதிரி ஆய்வு நாடு முழுவதும் கல்விச் செலவைக் கணக்கெடுத்தது. அரசுப் பள்ளியில் படிக்கும் மாணவர் ஒருவருக்குக் குடும்பம் செய்யும் சராசரிச் செலவு ஆண்டுக்கு 2,863 ரூபாய். அரசு சாராப் பள்ளியிலோ 25,002 ரூபாய். மாணவர் நூற்றுவரில் ஏறத்தாழ 27 பேர் தனிப்பயிற்சிக்குச் செல்கின்றனர். செலவு செய்து படிப்போருள் 95 விழுக்காட்டினர்க்கு முதன்மைப் பணவழி குடும்பத்தாரின் கையே. அரசு உதவித்தொகையே முதன்மை வழி என்றோர் 1.2 விழுக்காட்டினர் மட்டுமே. நாட்டில் கல்வியைச் சுமப்பவர் யார் என்ற வினாவுக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டா. தாயும் தகப்பனுமே சுமக்கின்றனர்.

பிள்ளையை ஆங்கிலப் பள்ளியில் சேர்க்கும் பெற்றோரை நான் பழிக்க மாட்டேன். தமக்குக் கிட்டாத மதிப்பைப் பிள்ளைக்கு வாங்கித் தரவே அவர்கள் அங்குச் செல்கின்றனர். ஆனால் ஒரு கணக்கை மட்டும் அவர்கள்முன் வைக்கிறேன். மேற்சொன்ன இரு சராசரிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஆண்டுக்கு 22,139 ரூபாய். பன்னிரண்டு ஆண்டுகளில் அது இரண்டரை இலட்சத்தைத் தாண்டும். எட்டாம் வகுப்பு வரை வருந்திக் கட்டிவிட்டு, ஒன்பதாம் வகுப்பில் முடியாமல் நிறுத்துவோரை என் பணிக்காலத்தில் ஆண்டுதோறும் கண்டேன். அப்பிள்ளை நடுவழியில் வேறு பள்ளிக்கு வரும்போது படிப்பில் பாதி மனம் உடைந்தே வருகிறது. பந்தயத்தின் தொடக்கத்திலேயே மூச்சைச் செலவிட்டு, முடிவில் தள்ளாடும் நிலை நமக்கு வேண்டா.

காலந்தாழ்ந்து வரும் பணம்

உயர்கல்வி உதவித்தொகைத் திட்டம் 1944-ஆம் ஆண்டு முதல் நடைபெறுவது. நம்மில் பலர் இன்று நிமிர்ந்து நிற்பதற்கு அதுவே ஊன்றுகோல். கல்லூரியின் கட்டாயக் கட்டணங்களை ஏற்பதோடு, மாணவரின் கைச்செலவுக்கும் ஒரு தொகை தருகிறது. அத்தொகை எவ்வளவு என்று பார்ப்போம். 2010-ஆம் ஆண்டு விதிப்படி, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் வீட்டிலிருந்து சென்று படிப்பவர்க்குத் திங்களுக்கு 230 ரூபாய். பத்துத் திங்களுக்கு 2,300. 2021-ஆம் ஆண்டு விதியில் அதே மாணவர்க்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய். பத்தாண்டு விலைவாசி உயர்வுக்குக் கிடைத்த ஈடு 200 ரூபாய்! 2025-26-ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த நாட்கூலியே 336 ரூபாய். எனவே ஓராண்டின் உதவித்தொகை, ஒரு தாயின் எட்டு நாட் கூலிக்கும் குறைவு. ஆனைப் பசிக்குச் சோளப்பொரி என்பது இதுதான்.

விடுதிப் பிள்ளைகளின் நிலையும் இத்தகையதே. நம் மாநிலத்தில் 2023-இல் பள்ளி விடுதி மாணவரின் உணவுத் தொகை திங்களுக்கு 1,000 ரூபாயிலிருந்து 1,400 ரூபாயாக உயர்த்தப்பட்டது. உயர்வை வரவேற்போம். ஆனால் முப்பது நாளுக்குப் பகுத்தால் நாளொன்றுக்கு 47 ரூபாய்க்கும் குறைவு. வளரும் பிள்ளையின் மூன்று வேளை உணவு அதற்குள் அடங்க வேண்டும்.

வருமான வரம்பும் ஒரு முட்டுக்கட்டை. 2021 விதியில் பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சம் ரூபாய்க்கு மேற்படலாகாது. தகப்பன் வண்ணம் பூசும் வேலையிலும், தாய் காலணித் தொழிற்சாலையிலும் உழைத்து ஆளுக்குப் பதினோராயிரம் ரூபாய் கொண்டுவந்தால் வரம்பைக் கடந்துவிடுவர். இருவரும் உழைத்தமைக்கு உதவி நின்றுபோவதே பரிசாகிறது.

எனினும் தொகையின் சிறுமையைவிட என்னை வருத்துவது அது வந்து சேரும் காலம். 2020 டிசம்பரில் மைய அமைச்சரவை இத்திட்டத்தின் செலவை மையமும் மாநிலமும் 60க்கு 40 என்ற விகிதத்தில் ஏற்குமென முடிவு செய்தது. மையத்தின் பங்கு மாணவரின் வங்கிக் கணக்கிற்கே நேரே செல்கிறது. இடையில் கை நீட்டுவோர் இல்லாமற்போனது நன்மையே. ஆயினும் கல்லூரி பணம் கேட்பது ஜூன், ஜூலையில். கணக்கில் பணம் விழுவது பல நேரம் ஆண்டின் இறுதியில். இடைப்பட்ட திங்கள்களை நிரப்புவது யார்? தண்டல்காரரும் வட்டிக்கடையுமே.

ஒரு குடும்பம் ஜூன் திங்களில் பத்தாயிரம் ரூபாயை நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு வாங்குவதாகக் கொள்வோம். உதவித்தொகை மார்ச்சில் வந்ததும் திருப்பிக் கொடுக்கிறார்கள். ஒன்பது திங்களின் வட்டி 4,500 ரூபாய். கையில் பணமுள்ள வீட்டுப் பிள்ளை பத்தாயிரத்துக்குப் பெற்ற அதே படிப்பை, நம் பிள்ளை பதினாலாயிரத்து ஐந்நூறுக்குப் பெறுகிறது. ஏழைக்கு எல்லாம் மலிவாகக் கிடைப்பதாக உலகம் எண்ணுகிறது. உண்மையில் கல்வியை மிக அதிக விலைக்கு வாங்குபவன் ஏழையே.

அண்ணலின் வாழ்விலும்

இத்துயர் அண்ணல் அம்பேத்கரையும் விட்டுவைக்கவில்லை. சிறுவயதில் அவர் புத்தகம் கேட்கும்போதெல்லாம், தந்தையார் ராம்ஜி மணமாகிச் சென்ற தம் மகள்களிடம் நகையை இரவலாய் வாங்கி, அடகு வைத்துப் புத்தகம் வாங்கித் தருவார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுத் திருப்பிக் கொடுப்பார். பரோடா மன்னர் 1913-இல் திங்களுக்குப் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்றாண்டுக்கு அளித்த உதவியால் அவர் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்றார். அங்கிருந்து இலண்டன் சென்று பயிலத் தொடங்கியபின், உதவிக்காலம் முடிந்தமையால் 1917-இல் படிப்பைப் பாதியில் விட்டுத் தாயகம் திரும்பினார். பம்பாய் சிடனாம் கல்லூரியில் பணியாற்றிச் சேமித்த பணத்தோடு, கோல்காப்பூர் மன்னர் சாகு மகராசரின் உதவியும், நண்பர் நவல் பதேனா கொடுத்த கடனும் சேர்ந்த பிறகே 1920-இல் மீண்டும் இலண்டன் செல்ல முடிந்தது.

அவரை அந்த மூன்றாண்டும் தடுத்தது அறிவுக் குறைவன்று. பணம் உரிய காலத்தில் கையிலில்லாமையே. அவர் கடல் கடந்து பயின்ற காலத்தில், இங்கே வறுமையோடு குடும்பத்தைத் தாங்கிநின்றவர் அன்னை ராமாபாய். பட்டங்களில் அவர் பெயர் இல்லை. ஆயினும் அப்படிப்பின் செலவில் ஒரு பங்கு அவர் செலுத்தியதே.

சாதி விதிக்கும் வரி

நம் பிள்ளைகளுக்குப் பிறரைவிடக் கூடுதலாக விழும் செலவு ஒன்று உண்டு. அது எந்தப் புள்ளிவிவரத்திலும் தனியே வருவதில்லை. நகரத்தில் கல்லூரிக்கருகே அறை தேடிப் போகிறான் நம் பையன். வாடகை பேசி முடித்தபின், “நீங்கள் எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு?” என்ற கேள்வி வருகிறது. மறுநாள் அந்த அறை வேறொருவர்க்குக் கொடுத்தாயிற்று என்று விடை வருகிறது. அவன் இன்னும் தொலைவில், இன்னும் கூடிய வாடகைக்கு அறை பிடிக்கிறான்; அல்லது நாள்தோறும் நான்கு மணி நேரம் பேருந்தில் கழிக்கிறான். அடகு வைக்க நமக்கு நிலமில்லை. வழிகாட்ட முன்னே படித்த உறவினர் இல்லை. தெரிந்தவர் ஒரு சொல்லால் அறிவதை, நாம் மூன்று முறை அலைந்து, மூன்று நாட் கூலி இழந்து அறிகிறோம். இவை யாவும் சாதி நம்மீது விதிக்கும் வரி. ரசீது இல்லாத வரி.

கணக்கில் எழுதப்படாதது

என் கதைக்கு வருகிறேன். நான் 1974-இல் பள்ளியிறுதி வகுப்புத் தேறிப் புகுமுக வகுப்பில் சேர்ந்தேன். அதற்கு முன்பிருந்தே எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பள்ளி திறக்கும் திங்களில் என் தாயார் பித்தளை அண்டாவைத் தலையில் சுமந்து அடகுக் கடைக்குச் செல்வார். தையில் கதிரறுப்புக் கூலி நெல்லை விற்று மீட்பார். வீட்டில் அண்டா இருந்தால் தை பிறந்துவிட்டது. அது இல்லையென்றால் பள்ளி திறந்துவிட்டது என்று நாங்கள் காலத்தை அறிந்தோம். புகுமுக வகுப்பில் எனக்குரிய உதவித்தொகை ஆண்டுத் தேர்வுக்கு முந்திய திங்களில்தான் வந்தது. அவ்வாண்டு தை வந்தும் அண்டா வீட்டுக்கு வரவில்லை.

ஆனால் என் படிப்புக்கு முதல் முதலாய் அடகு வைக்கப்பட்டது அந்த அண்டாவன்று. என் தமக்கையார் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, தந்தையார் நோயுற்றார். இரு பிள்ளைகளுள் ஒருவரைத்தான் பள்ளிக்கு அனுப்ப முடியும் என்ற நிலை வந்தது. யாரும் உட்கார்ந்து முடிவெடுத்ததாக எனக்கு நினைவில்லை. ஒருநாள் காலை அவர் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, பீடி இலை வெட்ட உட்கார்ந்தார். நான் சிலேட்டோடு வெளியே சென்றேன். அவ்வளவுதான். அவர் சுற்றிய பீடிக்கட்டுகளின் கூலியில்தான் என் நோட்டுகள் வந்தன. அவர் என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுவார், இன்றும் போடுகிறார். ஆனால் பேருந்தின் பெயர்ப்பலகையைப் பிறரிடம் கேட்டே ஏறுகிறார்.

அண்டா மீட்கப்பட்டது. அவருடைய மூன்றாம் வகுப்பை இன்றுவரை யாராலும் மீட்க முடியவில்லை. இதையே உங்கள் முன் வைக்க வந்தேன். கல்விச் செலவு உயரும்போது, அதை யாரோ ஒருவர் செலுத்தியே தீர வேண்டும். அரசு செலுத்தாவிடில், சமுதாயம் செலுத்தாவிடில், அந்த வீட்டிலேயே எதிர்த்துப் பேசாத ஒருவர் செலுத்துவார். பெரும்பாலும் அவர் ஒரு பெண் பிள்ளை.

நாம் செய்யத் தக்கவை

வருந்திப் பேசிக் கலைவதற்காக நாம் கூடவில்லை. ஐந்து செய்திகளைக் கழகத்தின் ஆய்வுக்கு வைக்கிறேன்.

முதலாவது, பள்ளித் திறப்பு நிதி. நம் கழகத்தில் படித்து இன்று ஊதியம் பெறுவோர் நூறு பேர், திங்களுக்கு நூறு ரூபாய் கொடுத்தால் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் சேரும். இருபது மாணவர்க்கு ஆளுக்கு ஆறாயிரம் ரூபாய் ஜூன் திங்களில் வட்டியின்றிக் கொடுக்கலாம். உதவித்தொகை வந்ததும் அவர்கள் திருப்பிச் செலுத்தட்டும். அடுத்த ஜூனில் அதே பணம் வேறு இருபது பேர்க்குப் பயன்படும். நன்கொடை ஒருமுறை தீர்ந்துவிடும். சுழலும் நிதி தீராது. பணம் தருவதைவிட, உரிய காலத்தில் தருவதே இதன் சிறப்பு.

இரண்டாவது, சான்றிதழ் முகாம். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு ஆகிய இவற்றுள் ஒன்று பிழையானாலும் விண்ணப்பம் நின்றுவிடுகிறது. கோடை விடுமுறையிலேயே கல்லூரி மாணவர்கள் தெருத்தெருவாகச் சென்று ஒவ்வொரு வீட்டின் தாள்களையும் சரிபார்த்து வைக்க வேண்டும்.

மூன்றாவது, சேமிப்பு. சொல்லக் கசப்பானாலும் சொல்லியாக வேண்டும். காதணி விழாவுக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் பந்தலும் பதாகையும் போடக் கடன் வாங்கத் தயங்காத நாம், அதே மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடன் என்றால் தயங்குகிறோம். விழா வேண்டாமென்று நான் சொல்லவில்லை. நம் மக்களுக்கு மகிழ உரிமையுண்டு. வரும் மொய்ப்பணத்தில் ஒரு பகுதியேனும் அஞ்சலகத்தில் பிள்ளை பெயரில் சேரட்டும். பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தைக்குரிய செல்வமகள் சேமிப்புக் கணக்கில் ஆண்டுக்கு 250 ரூபாய் போட்டாலே கணக்கு நிலைக்கும்.

நான்காவது, பெண் பிள்ளையின் படிப்பை நிறுத்துவதில்லை என்ற உறுதி. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்வி சேரும் மாணவியர்க்குத் திங்களுக்கு 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் தொடங்கியது. அதையும் மீறி ஒரு வீட்டில் யாரை நிறுத்துவது என்ற கேள்வி எழுமானால், அன்று மாலையே கழகத்தார் இருவர் அந்த வீட்டின் திண்ணையில் போய் உட்கார வேண்டும். அறிவுரை சொல்ல அன்று. அம்மாதச் செலவில் எவ்வளவு குறைகிறது என்று கேட்டறிய.

ஐந்தாவது, உரிமைக் குரல். நம் நிதியும் சேமிப்பும் அரசின் கடமைக்கு மாற்றாகா. உதவித்தொகை விலைவாசியோடு சேர்ந்து உயர வேண்டும். கல்வியாண்டின் முதல் திங்களிலேயே வர வேண்டும். வருமான வரம்பு உயர்த்தப்பட வேண்டும். இம்மூன்றையும் இம்மாமன்றம் தீர்மானமாக நிறைவேற்றி அரசுக்கு அனுப்ப வேண்டுகிறேன். இது இரந்து பெறும் சலுகையன்று. தலைமுறை தலைமுறையாக உழைத்து, எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களுக்கு வரவேண்டிய பாக்கி.

முடிவுரை

மாணவச் செல்வங்களே, இறுதியாக உங்களுக்கு ஒரு சொல். இன்றிரவு வீட்டுக்குச் சென்றதும், உங்கள் படிப்புக்கு ஆகும் செலவை ஒரு தாளில் எழுதுங்கள். கட்டணம், புத்தகம், பேருந்து என்று எழுதி முடித்தபின், கடைசியில் ஒரு வரியை வெற்றிடமாக விடுங்கள். உங்களுக்காக யார் எதை விட்டுக் கொடுத்தார்கள் என்று கேட்டறிந்து, அந்த வரியை நிரப்புங்கள். அக்கடனைத் திருப்பிச் செலுத்த நன்றாகப் படிப்பது ஒரு வழி. படித்தபின் இன்னொரு வீட்டுப் பிள்ளை பள்ளியை விட்டு நிற்காமல் காப்பது மற்றொரு வழி.

என் தமக்கையார் இதோ மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அக்கா, அந்தக் கணக்கில் உன் பேர் வந்துவிட்டது. முதல் வரியிலேயே வந்திருக்கிறது. நம் கழகத்தின் பொன்விழா மலரை எழுதுவோர்க்கு, இப்படி ஒரு பெயரை எழுதவேண்டிய தேவை நேராதிருக்கட்டும்.